அரிவாள் பட்ட காயத்துக்கு ஜெல் போடலாமா?

ஆனைமலைப் பக்கம் தோப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரிவாள் வெட்டு புதிதல்ல. பட்டவுடன் காப்பித்தூளை அப்பிவிட்டுக் காயத்தைக் காய விடுவதுதான் பழக்கம். இப்போது மருந்துக்கடையில் ஜெல் கிடைக்கிறது. அதை நம்பலாமா?

காயம் காய வேண்டாமா? வேண்டாம். ஈரமாக மூடிவைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் வளர்வதை, 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றித்தோலில் செய்த சோதனையில் காட்டினார். பொருக்கு கட்டினால் புதுத்தோல் அதற்கு அடியில் வழி தேடிப் போக வேண்டியிருக்கும்.

ஜெல் என்ன செய்கிறது? ஹைட்ரோஜெல் (தண்ணீரைப் பிடித்துவைக்கும் நுண்வலை) இளநீர் வழுக்கை மாதிரி. கையில் எடுத்தால் சதை, உள்ளே பெரும்பகுதி தண்ணீர். அந்த வலைக்குள் வெள்ளி போன்ற கிருமிக்கொல்லியைச் சேர்த்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து காயத்தில் இறங்கும். கட்டுத்துணி சதையோடு ஒட்டாது. கட்டுப் பிரிக்கும்போது உயிர் போகிற வலி இருக்காது.

எல்லாக் காயத்துக்கும் ஆகுமா? ஆகாது. உலர்ந்த காயம், மேலோட்டமான தீக்காயம், சிராய்ப்பு இவற்றுக்குச் சரி. நீர் அதிகம் வடிந்தால் சுற்றுத்தோல் ஊறிப்போகும். ஆழமான வெட்டு என்றால் ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தையல்தான் முதல் மருந்து. மண் பட்ட காயத்துக்கு டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியைப் பற்றியும் கேளுங்கள். காப்பித்தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பாதிக் காயம் மறுபடி திறந்துவிடும்.

சர்க்கரை நோயாளியா? காலில் சின்னப் புண் என்றாலும் நீங்களே ஜெல் தடவிப் பார்க்காதீர்கள். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் ஊரில் இப்படி எதுவும் செய்கிறார்களா? சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) கொண்டு காயத்தை மூடும் படலங்களை உருவாக்கியிருக்கிறது. இது ஜெல்லுக்கு நெருங்கிய உறவு.

தழும்பு வராமல் இருக்குமா? அந்த உறுதியை யாரும் தர முடியாது. தழும்பைத் தடுக்கும் மருந்தைக் கசியவிடும் ஜெல்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. உங்கள் கையில் இருப்பது வேறு: பொருக்கைப் பிய்க்காதீர்கள், வெயில் படாமல் மூடுங்கள். காயம் முழுக்க மூடிய பிறகு சிலிக்கோன் ஜெல் அல்லது ஒட்டும் தாளை இரண்டு மூன்று மாதமாவது விடாமல் போடுங்கள். தழும்பு அடங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து, அரித்துக்கொண்டே வளர்ந்தால் அது கீலாய்டு. அதற்குத் தழும்புக்குள்ளேயே போடும் ஊசி இருக்கிறது, தோல் மருத்துவரிடம் போங்கள்.