கைப்பிடியும் கணிப்பொறியும்

கருவியோடு கருவி உறவாடுதற்கும் ஒரு மொழி வேண்டும். கம்பியும் செருகியும் அம்மொழிக்கு எழுத்துப் போல்வன; எக்கம்பி எப்பொருளைச் சுமக்கின்றது என்னும் உடன்பாடே அதன் இலக்கணம். எழுத்து ஒன்றாயிருந்தும் இலக்கணம் வேறுபடுமாயின் நேர்வது யாது? விளையாட்டுப் பொறிகளின் கைப்பிடிகளைப் பழைய வீட்டுக் கணிப்பொறிகளோடு இணைக்கும் முயற்சி இவ்வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அற்றாரி நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுப் பொறி, ஒன்பது ஊசிகள் கொண்ட இணைப்புவாய் ஒன்றின் வழியாகத் தன் கைப்பிடியை ஏற்றது. 'ஜோய்ஸ்ரிக்' எனப்படும் அக்கைப்பிடியின் அமைப்பு மிக எளிது. மேல், கீழ், இடம், வலம் என்னும் நான்கு திசைகளுக்கு நான்கு ஆளிகளும், சுடுதற்கு ஓர் ஆளியும் அதனுள் உள. ஆளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. ஐந்துக்கும் பொதுவாகப் பூச்சிய வோல்ற்றுக் கம்பி ஒன்று. ஆளி திறந்திருக்கும்போது, பொறியின் உள்ளமைப்பு அக்கம்பியை 5 வோல்ற்று நிலையில் உயர்த்தி வைக்கும். ஆளி மூடியதும் கம்பி பூச்சியத்துக்கு இறங்கும். அவ்விறக்கமே 'அழுத்தப்பட்டது' என்பதற்கு அறிகுறி. கைப்பிடி ஒன்றில் கம்பியைக் கீழே இழுக்கும். அன்றேல் வாளா இருக்கும். தானாக மேலே தள்ளுவதில்லை.

இவ்வெளிமை பற்றியே இவ்வமைப்பு பொதுவழக்காயிற்று. 1982இல் வந்த கொமடோர் 64, 1985இல் வந்த அமிகா, அற்றாரி எஸ்.ரி. ஆகிய கணிப்பொறிகள் இதனையே மேற்கொண்டன. ஆகவே அற்றாரியின் பழைய கைப்பிடி இவற்றிலும் இடையூறின்றித் தொழிற்படும்.

மயக்கம் தொடங்குவது வேறோரிடத்தில். சேகா நிறுவனம் 1988இல் யப்பானில் வெளியிட்ட மெகா டிரைவ் பொறியின் கைப்பிடியும் அதே ஒன்பது ஊசி வடிவினதே. கொமடோரில் தடையின்றிச் செருகிக்கொள்ளும். ஆயின் அதன் பொத்தான்கள் கம்பிகளினும் மிகுதியானவை. எனவே அதனுள் ஒரு சில்லு அமர்ந்து, ஒரே கம்பியில் இருவேறு பொத்தான்களின் நிலையை மாறிமாறி உரைக்கின்றது. அச்சில்லுக்குரிய மின்வலு 5ஆம் ஊசியில் வருதல் வேண்டும். 7ஆம் ஊசி, எப்பொத்தானைக் கூறுக எனப் பணிக்கும் கட்டளைக் கம்பி. கொமடோரிலோ 5 வோல்ற்று வருவது 7ஆம் ஊசியில். 5ஆம் ஊசி திருகுகுமிழின் தடையை அளத்தற்குரியது. மரத்தையும் விலங்கையும் குறிக்கும் 'மா' என்னும் சொல்லை இடம் நோக்காது பொருள்கொள்வார் இடர்ப்படுமாறு போல, இங்கே பொறியும் இடர்ப்படுகின்றது.

இவ்வாறு செருகிய கைப்பிடி சிலவேளை சரிவர இயங்குவதாகவே தோன்றும். அத்தோற்றமே ஆபத்து. மின்வலு முறையாகக் கிடையாத சில்லு, பிற கம்பிகளின் வழியே கசியும் மின்னால் அரைகுறையாக உயிர்பெறுகின்றது. அன்றியும், அது வாளா இருப்பதில்லை. அழுத்தாத பொத்தானின் கம்பியை மேலே தள்ளும். கொமடோர் 64இல் அதே கம்பிகள் விசைப்பலகைக்கும் உரியன. விசைகளை ஆராயக் கணிப்பொறி ஒரு கம்பியைக் கீழே இழுக்கும் வேளையில் கைப்பிடி அதனை மேலே தள்ளுமாயின், இரண்டுக்குமிடையே வேண்டாத மின்னோட்டம் பாயும். அதனால் 6526 என்னும் சில்லு பழுதடையக்கூடும். கொமடோர் நிறுவனம் 1994இல் மூடப்பட்டது. மூலச் சில்லைப் பழைய இருப்பிலிருந்தோ மற்றொரு பழம்பொறியிலிருந்தோதான் பெறல் வேண்டும். ஒரு கைப்பிடியின் பொருட்டு ஒரு கணிப்பொறியையே இழத்தல் அறிவுடைமை ஆகாது.

'அடப்ரர்' என்னும் இணைப்பி இங்கே மொழிபெயர்ப்பாளனாய் நிற்கின்றது. அது 7ஆம் ஊசியின் மின்வலுவைக் கைப்பிடியின் 5ஆம் ஊசிக்குக் கொண்டுசெல்லும். கட்டளைக் கம்பியை ஒரே நிலையில் நிறுத்தும். சைகைக் கம்பிதோறும் இருவாயி ஒன்றை இட்டு, கீழே இழுத்தலை மட்டும் அனுமதித்து மேலே தள்ளுதலைத் தடுக்கும்.

நின்ரெண்டோ நிறுவனத்தின் கைப்பிடிக்கு இவ்வளவும் போதாது. 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அதன் பொறியில், எட்டுப் பொத்தான்களின் நிலையும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலிற் பொறி ஒரு சைகையால் எட்டு நிலைகளையும் ஒருங்கே பதிவுசெய்விக்கும்; பின்னர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறும். கேட்கத் தெரியாத கொமடோருக்கு இக்கைப்பிடி ஊமையே. ஆதலின் இணைப்பியினுள் நுண்கட்டுப்படுத்தி ஒன்று அமைந்து, கேட்டு, விடையறிந்து, உரிய கம்பியைக் கீழே இழுத்தல் வேண்டும். ஐரோப்பியத் தொலைக்காட்சியில் ஒரு படம் நிற்கும் காலம் ஒரு செக்கனின் 50இல் ஒரு பங்கு. இம்மொழிபெயர்ப்போ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்ளேயே முடிந்துவிடும். ஆடுவோர் தாமதம் உணரார்.

இணைப்பி தரும் வசதி ஒன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. கொமடோர் விளையாட்டுக்களுட் பலவற்றிற் குதித்தற்குக் கைப்பிடியை மேல்நோக்கித் தள்ளல் வேண்டும். இணைப்பிகள் சில, இரண்டாம் பொத்தானையே 'மேல்' எனக் கணிப்பொறிக்கு அறிவிக்கும். பழைய நிரலில் ஓரெழுத்தும் மாறுவதில்லை. ஆடுவோர் கைக்குமட்டும் எளிமை கிடைக்கின்றது.

பழம்பொறிகளைப் பேணுவோர் இதனாற் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. பொருந்துதல் வேறு, இசைதல் வேறு. வடிவம் ஒத்ததென்று செருகுமுன், இருபுறத்து ஊசிகளின் பொருளையும் ஒப்புநோக்கி, ஐயமுள்ளவிடத்து அளந்து தெளிதல் வேண்டும். தெளிந்தபின் செருகும் கைப்பிடி, பழம்பொறிக்குப் புதுவாழ்வு தரும்.