ஓர் இன்ஜின், நாலு இருக்கை – 9: கைக்கு எட்டும் பை

புறப்படும் முன் வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். அதைக் குறித்துவைத்த தாளோடு ஹெட்செட், டார்ச், டேப்லெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் நம்முடன் விமானத்தில் ஏறியாக வேண்டும். பறக்கக் கற்க வரும் பிள்ளைகள் முதலில் வாங்கும் பொருள்களில் ஒன்று, இவற்றைப் போட்டுக்கொள்ள ஒரு பை. பெரியதாக, அறைகள் நிறைய உள்ளதாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் காக்பிட்டைப் பார்த்துவிட்டுத்தான் பையைப் பார்க்க வேண்டும்.

செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். 1956 முதல் 44,000-க்கும் மேல் தயாரான விமானம் இது. உள்ளே அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். முன்னால் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் தோள்கள் உரசும். காலடியில், விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடர் பெடல்கள். பிரேக்கும் அவற்றின் மேல்நுனியில்தான். இரு இருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டி, எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகு. மடிக்கு மேலே, விமானத்தை இயக்கும் பிடியான யோக். தரையிறங்கும்போது அது வயிற்றுப் பக்கமாக நன்றாகப் பின்னுக்கு வரும். ஆக, காலடியும் மடியும் நடுவிடமும் விமானத்துக்குச் சொந்தம். அங்கே கட்டாமல் கிடக்கும் நம் பொருள் எதற்கும் இடமில்லை.

காலடியில் உருளும் ஒரு பாட்டில் பெடலுக்கு அடியில் போய்விட்டால், பக்கக்காற்றில் இறங்கும்போது பெடலை முழுதாக மிதிக்க முடியாது. பையின் நீள வார் இன்னொரு ஆபத்து. முன் இருக்கை தண்டவாளத்தில் நகர்ந்து, ஒரு துளையில் பூட்டுப் பின் (pin) விழுந்து நிற்கிறது. வார் அங்கே சிக்கினால் பின் முழுதாகப் பதியாமல் போகலாம். விமானம் மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கினால், யோக்கைப் பிடித்திருக்கும் கையும் அதைச் சேர்த்து இழுக்கும். மூக்கு வானத்தைப் பார்க்கும். இருக்கை வழுக்கி விபத்துகள் நடந்ததால்தான், தண்டவாளத்தையும் பின்னையும் குறித்த இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத்துறை 1987-இல் உத்தரவிட்டது.

ஒரு சிறு பொருளால் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்கள் 2014 பிப்ரவரி 9-ஆம் தேதி நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானம் 198 பேருடன் ஆப்கானிஸ்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது. கருங்கடலுக்கு மேலே கேப்டன் தம் கேமராவைக் கட்டுப்பாட்டுக் குச்சிக்கும் கைத்தாங்கிக்கும் இடையே வைத்திருந்தார். இருக்கையை அவர் முன்னுக்கு நகர்த்தியபோது கைத்தாங்கி கேமராவைத் தள்ள, கேமரா குச்சியைத் தள்ளியது. 27 விநாடிகளில் விமானம் 4,400 அடி கீழே பாய்ந்தது. பயணிகள் கூரையில் மோதிக் காயமடைந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு. அவ்வளவு பெரிய விமானத்துக்கே இந்தக் கதி.

அப்படியானால் எல்லாவற்றையும் பின்னால் போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. மேகத்துக்குள், வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாத நேரத்தில், விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போது பின்சீட்டில் எதையோ எடுக்கத் தலையைச் சட்டென்று திருப்பிக் குனிகிறோம் என்று வையுங்கள். உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் கலங்கி, விமானம் உருண்டு கவிழ்வதுபோல் உணரவைக்கும். கோரியாலிஸ் மாயை என்பது இதைத்தான். அந்தப் பொய்யை நம்பி விமானத்தைத் 'திருத்த'ப் போனால் முடிந்தது கதை. முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே உள்ள மேடையும் வேண்டாம். அங்கே வைத்த தாள் கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வரும் விமானத்தை மறைக்கும். ஹெட்செட்டில் உள்ள காந்தம் திசைகாட்டியைத் திசை தப்பவைக்கும்.

எனவே பை சிறியதாக இருக்கட்டும். ஒரு ஹெட்செட், ஒரு டேப்லெட், சில சில்லறைப் பொருள்கள் கொண்டால் போதும். தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும், வாய் அகலமாகத் திறக்க வேண்டும், ஜிப்பை ஒரு கையால் இழுக்க வர வேண்டும். உள்துணி வெளிர்நிறமாக இருந்தால் கறுப்பு டார்ச்சும் கண்ணில் படும். நீள வாரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒளி ஊடுருவும் குவளைக்கு வெளிப்பக்கம் தனி அறை வேண்டும். 172-இன் எஸ் ரகத்தில் 13 இடங்களில் வடித்துப் பார்க்கிறோம். நீல நிறப் பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் நிறமற்ற குமிழாகத் தங்கும். பார்த்து முடித்த குவளையின் வாடை மற்ற பொருள்களில் ஏறக் கூடாது.

தனியாகப் பறந்தால் பையை வலப்பக்க இருக்கையில் வைத்து, அதன் பெல்ட்டைக் கைப்பிடிக்குள் நுழைத்து மாட்டுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால், பறக்கும்போது தேவைப்படுபவற்றைத் தரையிலேயே எடுத்து விமானத்தின் பக்கச்சுவர்ப் பையிலும் தொடையில் கட்டும் பலகையிலும் வைத்துக்கொண்டு, பையைப் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். பவர் பேங்க் மட்டும் கையருகிலேயே இருக்கட்டும். அது புகைந்தால் உடனே தெரிய வேண்டும்.

எடையையும் மறக்கக் கூடாது. அதே எஸ் ரகத்தின் கையேட்டில் முன்னிருக்கை, எடைக் கணக்கில் தூரங்களை அளக்கத் தொடங்கும் கோட்டிலிருந்து 37 அங்குலத்தில். சாமான் அறை 95 அங்குலத்தில். அதே 10 கிலோவை முன்னாலிருந்து பின்னால் மாற்றினால் திருப்புவிசை இரண்டரை மடங்காகிறது. ஈர்ப்பு மையம் மிகவும் பின்னுக்குப் போன விமானம், இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலையிலிருந்து எளிதில் மீளாது. பையை நிறுத்துப் பார்த்து, எடைக் கணக்கில் எழுதுங்கள்.

விமானிகளின் பை வரலாறே சுமை ஏறி இறங்கிய வரலாறுதான். 1930-களில் அமெரிக்கத் தபால் விமானி எல்ரே ஜெப்பெசன், 10 சென்ட் விலையுள்ள குறிப்பேடு ஒன்றில் ஓடுதள விவரங்களையும் மலை உயரங்களையும் குறித்துப் பையில் போட்டுக்கொண்டு பறந்தார். உலகமெங்கும் பயன்படும் ஜெப்பெசன் வான்வழி வரைபடங்கள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து வளர்ந்தவை. வரைபடங்கள் பெருகிப் பெருகி, விமானிகள் தூக்கிய பெட்டி 16 கிலோ வரை கனத்தது. 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அவற்றை ஐபேடுக்கு மாற்றியது. ஆனால் ஐபேட் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. வெயிலில் நிற்கும் காக்பிட்டில் அது சூடேறி அணைந்துவிடலாம். அன்றைய பயணத்துக்கு வேண்டிய தாளாவது பையில் இருக்கட்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளின் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு விசையையும் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். நீங்களும் செய்யுங்கள், தம்பி தங்கைகளே. இன்ஜினை இயக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சை, செக்லிஸ்ட்டை, பேனாவைத் தொடுங்கள். கைக்கு எட்டாததற்கு வேறு இடம் பாருங்கள். இந்தப் பயணத்துக்குத் தேவைப்படாததை இறக்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

(தொடரும்)