பொன்னில் பதித்த புனிதர்கள்

பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத 15-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், பலிபீடத்தின் பின்னே உயர்ந்து நின்ற ஓவியப் பலகைகளே மக்களுக்குப் புத்தகம். அருகில் சக்கரம் இருந்தால் புனித கத்தரீன். தட்டில் இரு கண்கள் என்றால் புனித லூசியா. பெயர் எழுத வேண்டியதில்லை.

ஆனால், இவை பக்தியால் மட்டும் உருவானவை அல்ல. ஒப்பந்தம் போட்டே வரையப்பட்டன. 1474-இல் டரோக்கா நகர ஆலயத்திற்காகப் புனித தொமிங்கோ தெ சிலோசை வரைய ஒப்புக்கொண்டார் ஓவியர் பார்த்தொலோமே பெர்மேஹோ. வேலையை முடிக்காவிட்டால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார் என்பது நிபந்தனை! இன்றைய குத்தகையாளர்களுக்கு இப்படியொரு விதி இருந்தால் எப்படியிருக்கும்?

அப்படியும் அவர் பாதியில் ஊரைவிட்டுப் போனார். 1477-இல் மறு ஒப்பந்தம் போட்டார்கள். எஞ்சியதில் பெரும்பகுதியை மார்ட்டின் பெர்னாட் தீட்டினார். பெர்மேஹோவின் நடுப்பலகை இப்போது மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. பொன் மின்னும் அங்கி. அரியணையைச் சுற்றிப் பெண்ணுருவில் ஏழு நற்பண்புகள். புனிதரின் முகம் மட்டும், பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்ப்பது போலவே இருக்கிறது.