உத்திரமேரூர்: ரெண்டே வருஷத்துல வந்த வெர்ஷன் 2

இந்த எபிசோட் உத்திரமேரூர் பத்தி. "குடவோலை தானே, ஸ்கூல்லயே படிச்சாச்சு"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நானும் ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணவன்தான். அப்போ என் மண்டைல ஏறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அங்க இருக்கிற தேர்தல் கல்வெட்டு ஒண்ணு இல்ல, ரெண்டு.

காஞ்சிபுரம் மாவட்டத்துல, ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊர் இது. பல்லவர் காலத்துல பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். ஊரோட உயிர்நாடி வைரமேக தடாகம்ங்கிற பெரிய ஏரி. அதுல தூர் வாரலைன்னா நெல் இல்ல. தூர் வாரணும்னா காசு வேணும், காசு இருந்தா கணக்கு வேணும். இந்த எபிசோட் முழுக்க அந்தக் கணக்கைச் சுத்தித்தான்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919-ல சபை ஒரு தீர்மானம் போடுது. ஊரை 30 குடும்பாப் பிரி. குடும்புன்னா ஃபேமிலி இல்ல, நம்ம பாஷைல வார்டு. வார்டுக்கு ஒருத்தர்னு 30 பேர். அதுல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

சரியா ரெண்டு வருஷம் கழிச்சு, 921-ல அதே சபை மறுபடி உட்கார்ந்து விதிகளைத் திருத்துது. முதல் வெர்ஷன்ல வயசு 30-லிருந்து 60. இதுல 35-லிருந்து 70. குலுக்கல் எப்படி நடக்கணும்ங்கிறதும் விலாவாரியா வருது. புரொடக்‌ஷன்ல அடி வாங்கின டீம் எழுதுற டாக்குமென்ட் மாதிரியே இருக்கும், படிச்சா சிரிப்பு வருது.

ஒவ்வொரு குடும்போட ஓலைகளையும் தனித்தனிக் கட்டா கட்டி, குடத்துல போடணும். ஊர்ல இருக்கிற பூசாரிகள் ஒருத்தர் விடாம வந்திருக்கணும். அவங்கள்ல மூத்தவர் எழுந்து எல்லாரும் பார்க்கிற மாதிரி குடத்தைத் தூக்கிப் பிடிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதை இன்னொரு குடத்துல போட்டுக் குலுக்கி, அதுலருந்து ஒரே ஒரு ஓலை. அதை வாங்குற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையிலதான் வாங்கணும். ஏன்? கைக்குள்ள வேற ஓலை ஒளிச்சு வெச்சு மாத்திடக் கூடாதுல்ல! அவர் படிச்ச பேரை அங்க இருக்கிற பூசாரிகளும் வாங்கிப் படிக்கணும்.

எனக்கு இதைவிடப் பிடிச்சது தகுதியிழப்புப் பட்டியல். வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவர் மறுபடி வரவே முடியாது. அவர் மட்டுமா? மாமன், மாப்பிள்ளை, பெரியம்மா சின்னம்மா பசங்கன்னு சொந்தக்காரங்களையும் உறவுமுறை சொல்லிச் சொல்லி அடைக்கிறாங்க. பினாமி பிரச்சினை அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. போன மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவரும் நிக்க முடியாது.

இப்போ, வாட்ஸ்அப்ல சுத்துற "உலகத்தோட முதல் ஜனநாயகம்" மேட்டருக்கு வருவோம். புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020-ல அடிக்கல் நாட்டினப்போகூட இந்த ஊர் பேரு பேசப்பட்டுச்சு. ஆனா குடத்துக்குள்ள யார் பேரு போச்சு? வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். இன்னைய வழக்குல ஒரு வேலி ஆறரை ஏக்கர் சொச்சம்னு வெச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் ஏக்கர். சொந்த மனைல வீடு இருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். அரைக்கால் வேலிதான் இருக்குன்னா சலுகை உண்டு, அதுவும் கூடுதலாப் படிச்சிருந்தா. பொண்ணுங்க இல்ல. அந்த நிலத்துல இறங்கி உழுதவங்க, ஏரில சேறு சுமந்தவங்க பேரை எழுத ஓலையே கிடையாது. இவ்வளவு நுணுக்கமா ஊழலைத் தடுக்க யோசிச்சவங்க, இதை ஒரு குறையாவே பார்க்கல. அதனால 'முதல் ஜனநாயகம்'ங்கிற பட்டத்தை நான் கொடுக்க மாட்டேன். பொதுப்பணத்துக்குப் பூட்டு போடத் தெரிஞ்ச நிலவுடைமைச் சபைன்னு வேணா சொல்வேன்.

சென்னையிலிருந்து பைக்ல காலைல கிளம்பினா மதியத்துக்குள்ள பார்த்துட்டு வந்துடலாம். வைகுண்டப் பெருமாள் கோயில்ல, பழைய சபை மண்டபச் சுவர்லயே எழுத்து இருக்கு. பக்கத்துல நின்னு தேடுங்க, தொட்டுத் தேய்க்காதீங்க. அப்படியே ஏரிக்கரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.