பழைய பெரிய மீன் தொட்டி வாங்கப் போகிறீர்களா?

வண்ண மீன் வளர்க்கும் ஆசை நம் வாசகர்களில் பலருக்கு உண்டு. ஆனால் நான்கடி, ஐந்தடி நீளமுள்ள தொட்டியைப் புதிதாக வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கிறது. மாற்றல் உத்தரவு வந்து ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்களும், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் பராமரிக்க ஆளில்லாதவர்களும், மோட்டார், விளக்கு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் சேர்த்து மலிவாகக் கொடுத்துவிடுவது உண்டு. விலை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்கினால் தண்ணீரும் வீணாகும், மீனும் மடியும், கீழ்வீட்டாருடன் மனத்தாங்கலும் வரும். ஆகவே சில விஷயங்களை முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் தரை

தொட்டியைப் பார்க்கப் போகும் முன் அதை வைக்கப் போகும் இடத்தைப் பாருங்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். ஆக, விளிம்புவரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர், அதாவது 255 கிலோ. பத்து மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 50 கிலோ, அடியில் போடும் கூழாங்கல் 40 கிலோ என்று கூட்டினால் 350 கிலோ ஆகிறது. ஐந்து பெரியவர்கள் ஆறு சதுர அடியில் இரவு பகலாக நிற்பதற்குச் சமம். 5 x 2 x 2 அடித் தொட்டியானால் முக்கால் டன்னை நெருங்கும்.

நமது தேவராஜ மொஹல்லாவில் சுண்ணாம்புக் காரைச் சுவரும் மர உத்தரமும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2012-இல் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதையும், 2016-இல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்ததையும் இப்பகுதியில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய மாடி அறையில் பெரிய தொட்டி வைக்கவே வேண்டாம். தரைத்தளமே சிறந்தது. கான்கிரீட் மாடியானாலும் அறையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள். ஐயம் இருந்தால் ஓர் இன்ஜினியரைக் கேட்டுவிடலாம். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தண்ணீரும் மீனும் இருக்கும்போதே தொட்டியைப் பார்ப்பது உத்தமம். பல மாதங்கள் காலியாகக் கிடந்ததானால், வெளியே சமதளத்தில் வைத்து நிரப்பி இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்தால் சிறு கசிவும் தெரிந்துவிடும். மூலைகளில் சிலிகான் பசை உரிந்திருக்கிறதா, கண்ணாடி விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, மேலே குறுக்காக ஒட்டிய பட்டைக் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைக் கறை வினிகரில் போய்விடும், கீறல் போகாது.

கசிவு இருந்தால் பழைய பசையின் மேலேயே புதுப் பசை பூசுவதில் பயனில்லை. காய்ந்த சிலிகானில் புது சிலிகான் ஒட்டாது. உள்பக்கப் பழைய பசையை பிளேடால் முழுவதும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானைப் பூசி, புளித்த வாசனை அடங்கும்வரை காய விடவேண்டும். இரு கண்ணாடிகளை இணைக்கும் பசையே விட்டுப்போயிருந்தால் அந்தத் தொட்டி வேண்டாம்.

கொண்டுவருவதும் வைப்பதும்

கல்லோடும் தண்ணீரோடும் தொட்டியைத் தூக்கக் கூடாது. முழுவதும் காலி செய்து, நான்கு பேர் அடியில் பிடித்துத் தூக்கி, சரக்கு ஆட்டோவில் மெத்தை போட்டுக் கொண்டுவாருங்கள். பில்டரில் உள்ள ஸ்பாஞ்சை மட்டும் கழுவாமல், பழைய தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து வாளியில் கொண்டுவரவேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

சோப்பு, சோப்புத்தூள் எதுவும் படக்கூடாது. கல் உப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். ஸ்டாண்டின் மட்டத்தை ஸ்பிரிட் லெவல் வைத்துச் சரிபார்த்து, அரை அங்குல தெர்மோகோல் விரித்து அதன்மேல் வையுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னலோரம் பாசி பிடிக்கும். மின்கம்பி, பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறிப் போகும்படி இருக்கட்டும். வழியும் தண்ணீர் பிளக்கினுள் போகாமல் கீழே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும்முன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள்.

தண்ணீரும் பொறுமையும்

மைசூருக்குக் குழாயில் வருவது குளோரின் கலந்து சுத்திகரித்த காவிரி, கபினித் தண்ணீர். குளோரின் மீனின் செவுள்களை அரிக்கும். ஒருநாள் முழுவதும் காற்றுக் குமிழி விட்டு வைக்கவேண்டும். அல்லது கடையில் கிடைக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) சேர்க்கவேண்டும்.

புதிதாக அமைத்த தொட்டியில் முதல் மாதமே மீன்கள் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகிப் போதுமான அளவுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழைய ஸ்பாஞ்சில் இவை ஏற்கெனவே குடியிருப்பதால்தான் அதைக் கழுவவேண்டாம் என்றோம். பழைய தொட்டி வாங்குவதில் பெரிய லாபமே இதுதான். ஆனால் அத்தொட்டியில் மீன்கள் நோயால் இறந்திருந்தால் ஸ்பாஞ்சையும் எறிந்துவிடுங்கள். முதலில் நாலைந்து மீன் மட்டும் விட்டு, இரண்டு வாரத்துக்கொருமுறை சிலவற்றைச் சேருங்கள். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் நைட்ரேட்டும் சேராது. நீண்டநேரம் மின்சாரம் நின்றால் மீனுக்கும் பில்டர் பாக்டீரியாவுக்கும் ஒருங்கே மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அவசியம் இருக்கட்டும்.

எந்த மீன்?

கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் சற்றுக் கடினமான தண்ணீரையும் தாங்கும். ஆஸ்கார் ஓர் அடி வளரும். சிறு மீன்களை விழுங்கிவிடும். பாசி தின்னும் என்று வாங்கும் சக்கர் மீன் ஓர் அடியையும் தாண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய ‘மிஸ் கேரளா’ மீன் அழகானது. ஆனால் இயற்கையில் அருகிவருகிறது. பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். மீன் வளர்ந்துவிட்டது, வைத்துக்கொள்ள முடியவில்லை என்று குக்கரஹள்ளி ஏரியிலோ காரஞ்சி ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது, அங்குள்ள நாட்டு மீன்களுக்கு வினையாக முடியும். தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றில் சக்கர் மீன் பெருகிவிட்டது இப்படி வெளியே விடப்பட்டதாலும்தான். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்; இல்லையேல், உங்களைப்போல் பழைய தொட்டி தேடும் இன்னொரு அன்பருக்குத் தொட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.