வேதத்துக்குள் குடியிருப்பது: ஒரு பின்கட்டு வாசிப்பு

எங்க அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்தக் கதை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியும். நாச்சியாபுரத்தில் எங்கள் ஓட்டு வீட்டு மாடக்குழியில் அந்த வேதப்புத்தகம் இருந்தது. திருப்பத்தூர் சுவீடன் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது யாரோ கொடுத்தது. ஆதியாகமத்தில் ஒரு குருத்தோலைச் சிலுவை செருகியிருக்கும். சங்கீதத்தில் ரேஷன் கார்டு. ஆச்சி வீட்டு வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் "ஏய்யா, ஆகார எடு" என்பாள். நான் படிக்க வேண்டும்.

கிறித்தவர் அல்லாத தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகார், ஆபிரகாம் வீட்டு எகிப்திய அடிமைப்பெண். எசமானி சாராளுக்குப் பிள்ளையில்லை என்பதால் அவளை எசமானனிடம் அனுப்புகிறார்கள். வயிற்றில் உண்டானதும் சாராள் படுத்துகிற பாடு தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். அங்கே தேவதூதன் வந்து, திரும்பிப் போய் எசமானிக்கு அடங்கியிரு என்கிறான். இது 16ஆம் அதிகாரம். தன்னைக் கண்டவர் என்று கடவுளுக்கே ஒரு பெயர் வைத்துவிட்டு ஆகார் திரும்பிப் போகிறாள். வேதாகமத்தில் கடவுளுக்குப் பெயர் வைக்கிற முதல் ஆள் ஓர் அடிமைப்பெண் என்பதைப் பிரசங்க பீடங்கள் அதிகம் சொல்வதில்லை. 21ஆம் அதிகாரத்தில் சாராளுக்குச் சொந்தப் பிள்ளை பிறந்தபின், அப்பத்தையும் ஒரு துருத்தித் தண்ணீரையும் கொடுத்து ஆகாரையும் மகனையும் விரட்டிவிடுகிறார்கள்.

கல்லூரியிலிருந்து மார்க்ஸோடு திரும்பி வந்த ஒரு விடுமுறையில் கேட்டேன்: "அப்பத்தா, எசமானிக்கு அடங்கியிருன்னுதான உன் தேவன் சொல்லுறாரு? இதத்தான் தினமும் படிக்கச் சொல்றியா?" அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அது முதத்தடவைய்யா. வயித்துப்பிள்ளையோட எங்க போவா? ரெண்டாந்தடவை அவ திரும்பிப் போனாளா? நல்லாப் பாத்துப் படி." பார்த்தேன். போகவில்லை. மகன் வனாந்தரத்திலேயே வளர்கிறான், வில் பழகுகிறான். அவனுக்குத் தன் எகிப்து தேசத்திலிருந்தே பெண் எடுக்கிறாள்.

வேதத்துக்குள் குடியிருப்பது என்று இறையியலாளர்கள் சொல்வதை நான் முதலில் விளங்கிக்கொண்டது அங்கேதான். பிறகுதான் புத்தகங்களுக்குப் போனேன்.

எரிக் ஆவர்பாக் என்ற ஜெர்மானிய யூத அறிஞர், ஹிட்லருக்குத் தப்பி இஸ்தான்புல்லில் இருந்தபோது எழுதி 1946இல் வெளியிட்ட 'மிமெசிஸ்' நூலின் முதல் இயலில், ஒடிசியஸின் தழும்பையும் ஈசாக்கைப் பலியிடப்போகும் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஹோமரின் கதை சில மணிநேரம் நம் வாழ்க்கையை மறக்கவைக்கிறது. வேதாகமக் கதைக்கு அது போதாது. அது நம் வாழ்க்கையைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறது, அதில் ஒரு கொடுங்கோன்மையே இருக்கிறது என்கிறார். யேல் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் ஃப்ரை (1974), ஜார்ஜ் லிண்ட்பெக் (1984) ஆகியோர் இதை இறையியலாக வளர்த்தெடுத்தனர். நவீன வாசகன் தன் உலகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்கு வேதம் பொருந்துகிறதா என்று பார்க்கிறான். விசுவாசச் சமூகம் செய்வது தலைகீழ்: கதையை உலகமாக வைத்துக்கொண்டு அதற்குள் தன் வாழ்க்கைக்கு இடம் தேடுகிறது. ஒரு மொழியைக் கற்றுக்கொள்வதைப் போல என்று லிண்ட்பெக் விளக்குகிறார். இலக்கணம் தெரிந்தபின் பேசுவதில்லை, பேசிப் பேசித்தான் இலக்கணம் கைவருகிறது.

நமக்கு இது அப்படியொன்றும் புதிதல்ல. வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படித்து, கூத்தாடி, படுகளம் போடுகிறபோது ஊரே குருக்ஷேத்திரமாகிவிடுகிறது. பிரதிக்கு வெளியே நின்று 'ரசிப்பது' படித்த வர்க்கத்தின் பிற்காலப் பழக்கம்.

யேல்காரர்களோடு எனக்குள்ள சண்டை வேறு. அவர்கள் வேதத்தை எல்லோரும் ஒரே வாசலில் நுழையும் வீடாக நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க முடியாது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை போகும். அப்பத்தா நாற்பது வருஷம் அந்த வீட்டில் புழங்கினாள், பின்வாசல் வழியாக. முகப்பின் தேக்குத் தூண்களை அவள் பார்த்ததெல்லாம் கலியாண நாட்களில் தெருவில் நின்றுதான். ஆனால் எந்தப் பத்தாயத்தில் என்ன இருக்கிறது, எந்தச் சுவர் ஓதமெடுக்கிறது என்பது முதலாளியைவிட அவளுக்குத் தெரியும். ஆபிரகாமின் வீட்டுக்குள்ளும் அவள் அந்த வாசல் வழியாகத்தான் போனாள்.

தமிழ் வேதாகமத்தின் வரலாற்றையே இப்படிப் படிக்கலாம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். 1772இல் பப்ரிசியஸின் புதிய ஏற்பாடு. அதில் கடவுள் 'பராபரன்'. கத்தோலிக்கர்களுக்கோ அவர் 'சர்வேசுரன்'. 1871இல் பவர் தலைமையில் வந்த ஐக்கியத் திருப்புதலில் 'தேவன்' ஆனார். இருபதாம் நூற்றாண்டுத் திருத்தம் 'கடவுள்' என்று மாற்றியபோது சபைகள் ஏற்கவில்லை. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த 'திருவிவிலியம்' நல்ல தமிழில் இருக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பழைய திருப்புதலைத்தான் வாசிக்கிறார்கள். இதைப் பழமைவாதம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. ஆள் குடியிருக்கிற வீட்டைப் பிரித்துக் கட்டுவது லேசான காரியமில்லை. சாவு வீட்டில் வாயில் வருகிற வார்த்தை எதுவோ அதுதான் அவர்களுக்கு வேதம்.

இந்தச் சண்டையின் முதல் பெரிய ஆள் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர், சரபோஜியின் நட்பைப் பெற்றவர். ரேனியஸ் பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பில் கைவைத்தபோது கடுமையாக எதிர்த்தார். வேதத்துக்குள் அவரைப்போல் வாழ்ந்த தமிழர் குறைவு. அதே சாஸ்திரியார்தான், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று புதிய மிஷனரிகள் சொன்னபோது வெள்ளாளர் பக்கம் நின்று வாதாடினார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை விட்டொழிக்கச் சுற்றறிக்கை விட்டதும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் திரளாக வெளியேறினர். கத்தோலிக்கப் பக்கம் இதைவிட யோக்கியம் என்று யாரும் எண்ண வேண்டாம். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில், பீடம் ஒன்று, ஆட்கள் நிற்க இரண்டு கை, நடுவில் சுவர் என்று கால்சட்டை வடிவில் இருந்தது. சுவர் இடிபட்டது 1910இல். ஆ. சிவசுப்பிரமணியன் இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆகவே வேதத்துக்குள் குடியிருப்பதே விடுதலை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. சாஸ்திரியாரும் உள்ளேதான் இருந்தார், அப்பத்தாவும் உள்ளேதான் இருந்தாள். யார் எந்தக் கட்டில் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த மண்ணில் இன்னொன்றும் சேர்கிறது. 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில், கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுக் கட்டுப்பாடுகள் விதித்தனர். பொன் வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, செருப்பும் குடையும் கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றானது. அதில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பது. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் (1946) பதிவு செய்திருக்கிறார். எழுத்தே விலக்கப்பட்ட இடத்தில் ஒரு புத்தகத்தை மாடக்குழியில் வைத்திருப்பது, அதைப் படிக்கப் பேரனைப் பள்ளிக்கு அனுப்புவது ஆகியவற்றுக்கு, அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்பே ஓர் அர்த்தம் உண்டு. கிறித்தவத்தைக் காலனியத்தின் கருவி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற நம் தோழர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

எண்பதுகளில் தலித் இறையியல் வந்தபோது யாத்திராகமம் கைக்கு வந்தது. எகிப்தில் அடிமைகள், செங்கடல், விடுதலை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை', நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே மாற்றியமைத்தார். பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். மடத்துக்குள் சொல்லப்படும் கடவுளுக்கும் சேரியில் தேவைப்படும் கடவுளுக்கும் உள்ள தூரம் அந்நூலில் வலியோடு பதிவாகியிருக்கிறது. ஆனால் 1989இல் ராபர்ட் ஆலன் வாரியர் என்ற செவ்விந்தியர் ஒரு சங்கடமான கேள்வி கேட்டார்: விடுதலையான இஸ்ரவேலர் போய் இறங்கிய நாட்டில் ஏற்கெனவே குடியிருந்த கானானியர் என்ன ஆனார்கள்? நாங்கள் அந்தக் கதையில் கானானியர்கள் என்றார். அதே ஆண்டு நயீம் அத்தீக் என்ற பாலஸ்தீனப் பாதிரியார் எழுதிய நூலிலும் இந்த வலி உண்டு. கதைக்குள் குடியேறுகிறவர், தான் அங்கே யார் என்று கேட்டே ஆகவேண்டும். தன்னை மோசேயின் ஆளாகவே நினைத்துக்கொள்வது முகப்பில் உட்காருகிறவனின் சுகம். அப்பத்தா தன்னை இஸ்ரவேல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வீட்டு எகிப்தியப் பெண்ணைத்தான் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். பிறகு அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் ஆகாரை மையமாக வைத்து எழுதிய நூலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

குடியிருப்புக்குப் பட்டா கேட்கிற இடம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. சேரிக்குள் நடந்து போனால் சாதி கூடவே வரும். தாலுகா ஆபீஸ் போனால் வராது. அதனால் எத்தனையோ வீடுகளில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பேர், சர்டிபிகேட்டில் இன்னொரு பேர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஆலயம் போய் வருகிறவர் இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. ஒருவர் எந்தப் புத்தகத்துக்குள் குடியிருக்கிறார் என்று விசாரிக்கிற நீதிமன்றம், அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதைப் போதிய அளவு விசாரித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்பத்தாவுக்கும் இரண்டு பேர் இருந்தது. "ரெண்டும் நாந்தேன்" என்பாள். அவளை அடக்கம் செய்தபோது ஐயர் ஒரு பேரைச் சொன்னார், வி.ஏ.ஓ. மற்றதை எழுதினார். புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. 16க்கும் 21க்கும் நடுவில் தாள்கள் விரல்பட்டுக் கறுத்திருக்கின்றன. ரேஷன் கார்டு இன்னும் சங்கீதத்தில்தான்.