கல்லைப் படிக்க ஒரு பகல்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைக்காரர்களுக்கு மாமல்லபுரம் என்பது வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூட்டிப்போகும் இடம். கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு போட்டோ, வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் இன்னொரு போட்டோ, மீன் வறுவலோடு மதியச் சாப்பாடு, பொழுது சாய்வதற்குள் வீடு. கைடு வைத்துக்கொள்வதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் செய்கிற செலவு என்று நாமாகவே முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

மெக்சிகோவில் கான்கூன் கடற்கரைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒருநாளைத் தனியாக ஒதுக்கி, காலையிலேயே பஸ் ஏறி, கைடோடு சிச்சென் இட்சாவுக்குப் போய், மாயா மக்களின் படிப்பிரமிடைப் பார்த்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். அதற்குச் சற்றும் குறையாத ஒரு பகல் தாம்பரத்தைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் நமக்கும் இருக்கிறது. காலக்கணக்கும் ஒத்துப்போகிறது. பாலென்கே என்ற மாயா நகரத்தைப் பகால் என்ற அரசன் ஆண்டது 615 முதல் 683 வரை. மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் காஞ்சியிலிருந்து ஆண்டது சுமார் 630 முதல் 668 வரை. ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே தலைமுறையில் கல்லை நம்பியவர்கள். மாயா சிற்பிகளிடம் இரும்பு கிடையாது. சுண்ணாம்புக் கல்லைக் கல்லாலேயே செதுக்கினார்கள். பல்லவச் சிற்பியின் கையில் இரும்பு உளி இருந்தது, ஆனால் எதிரே நின்றது கருங்கல்.

அந்தக் கருங்கல்லில் ஒரு அடி ஆழம் இறங்க என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பது போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பும்போது தெரிவதில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அப்படி ஒருவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து ஒரு வேனில் போய்வந்தோம். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். வேனில் இருந்த அத்தனை பேருக்கும் ஐந்து நிமிடத்தில் ‘டீச்சர்’ ஆகிவிட்டார்.

டீச்சர் வண்டியை முதலில் வடக்கே பல்லாவரத்துக்கு விடச் சொன்னார். “மாமல்லபுரம் இந்தப் பக்கம் இல்லீங்களே டீச்சர்” என்றார் டிரைவர். “கல்லு அங்கதாம்பா ஆரம்பிக்குது, நீ விடு” என்று பதில் வந்தது.

1863 மே 30. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது இளைஞர், பல்லாவரம் ராணுவக் குடியிருப்பை ஒட்டிச் சரளை தோண்டிய ஒரு குழியில், மனிதக் கை பட்டுச் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பிரான்ஸில் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் ஆதிமனிதர் செய்தவைதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நாலே வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டுதான் ஃபூட் சரளைக் குழிகளைக் குனிந்து பார்த்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று இருந்தது என்பதற்கு முதல் சாட்சி இந்த ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து மண்ணிலிருந்து கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய கருவிகளைக் கண்டார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பின்னாளில் தோண்டி, 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருவிகளில் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது.

அந்த முதல் கல் கிடைத்த பல்லாவரத்தை நாம் தினமும் மின்சார ரயிலில் கடந்துபோகிறோம். பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

பல்லாவரத்து மலைச்சரிவில் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் குடைந்த ஒரு குடைவரை இருக்கிறது. ஐந்து கருவறைகள், தடித்த தூண்கள், அவற்றில் அரசனின் விருதுப் பெயர்கள். இன்று அது தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் துணி போட்டுக்கொண்டு உள்ளே நின்றபோது டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தொழுகிறவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்று கல்வெட்டைப் பற்றிய பேச்சை வெளியே வந்துதான் தொடர்ந்தார். 1,400 ஆண்டு வயதான ஒரு குகையில் இன்றும் விளக்கு எரிகிறது, ஜனங்கள் வேண்டிக்கொள்கிறார்கள். வேலி போட்டுப் பூட்டிய சின்னங்களைவிட இது எனக்கு மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

இந்த மலைக்கல்லுக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். 1690களில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது. அதன் மேல் கிடக்கும் பலகைக் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை. 1890களில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பாறைவகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். உலகத்தில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் இன்று அந்தப் பெயர்தான்.

பல்லாவரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது சச்சரவு பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இங்கே கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். குன்றத்தூர், சிறுதாவூர் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களை அடக்கம் செய்த கல்வட்டங்கள். பல இடங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்ட முடியாது; அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கடன் வாங்கி அரை கிரவுண்ட் வாங்கிய குடும்பத்துக்கு, மாடி எடுக்கக் கூடாது என்று ஒருநாள் தாள் வந்தால் வயிறு எரியத்தானே செய்யும்? எரிச்சல் நியாயமானது. ஆனால் தன் காலடியில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலான இடுகாடு இருக்கிறது என்று அந்தக் குடும்பத்துக்கு யாராவது வந்து சொன்னார்களா? போர்டில் சட்டப் பிரிவும் தண்டனையும் எழுதியிருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. மாதம் ஒரு தடவை அந்தத் தெரு ஜனங்களையே கூட்டிப்போய்க் காட்டினால், காவலுக்குத் தனியாக ஆள் வைக்கவே வேண்டாம் என்பது டீச்சர் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகக் கடற்கரைப் பக்கம் போனோம். அடுத்த நிறுத்தம் மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம். புலிக்குகை என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த, யாளித் தலைகள் சூழ்ந்த பாறை இங்கேதான். அதைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டைத் தவறவிடுகிறார்கள்.

ஒன்று, அதிரணசண்டன் குடைவரை. பல்லவ அரசன் இராசசிம்மனின் கல்வெட்டு ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் இருக்கிறது. ஒரே செய்தி, இரண்டு எழுத்து. இந்தத் துறைமுகத்துக்கு வந்து போனவர்களில் வடபுலத்து எழுத்து படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள் என்று டீச்சர் ஊகித்தார். ஊகம்தான் என்று அவரே சொல்லவும் செய்தார். ஊகத்தை ஊகம் என்று சொல்கிற கைடு கிடைப்பது பெரிய விஷயம்.

மற்றொன்று முருகன் கோயில். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையின் மணலை அரித்துக்கொண்டு போனதில் கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளியே தெரிந்தது. இங்கே ஒரு முருகன் கோயில் இருந்தது, ஊருக்குத் திருவிழ்ச்சில் என்று பெயர் என்பது கல்வெட்டுகளிலிருந்து தெரியவந்தது. தொல்லியல் துறை அடுத்த ஆண்டு தோண்டத் தொடங்கியது. மேலே பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம். அதற்கடியில், சங்ககாலத்தது என்று ஆய்வாளர்கள் கருதும் பெரிய அளவுச் செங்கற்களால் கட்டிய கோயில். கல்லில் செய்த வேல் ஒன்றும் கிடைத்தது. மணற்படிவுகளைப் பார்த்து, அந்தச் செங்கல் கோயிலையும் கடல்தான் சாய்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். கடல் மூடியதைக் கடலே திறந்து காட்டியிருக்கிறது. இன்று போனால் இடுப்பளவுப் பள்ளத்தில் செங்கல் வரிசைகள்தான் தெரியும், கோபுரம் கிடையாது. விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் வந்தால் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடத் தோன்றும். நாங்கள் ஒரு மணிநேரம் நின்றோம்.

மாமல்லபுரத்துக்குள் நுழைந்ததும் கடற்கரைக் கோயிலுக்குப் போகாமல் குன்றின் மேல் ஏறினோம். முடியாமல் நின்றுபோன குடைவரைகள் அங்கே இருக்கின்றன. பாறையில் நெடுக்கும் குறுக்கும் ஆழமான பள்ளக் கோடுகள் வெட்டி, கடலை மிட்டாய்த் தட்டில் கத்தி போட்டதுபோல் சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு சதுரத்தையும் தட்டி உடைத்து எடுத்துவிட்டு, புதிதாகத் தெரியும் பரப்பில் மறுபடி கோடு. இப்படியே உள்ளே போகப் போக மண்டபம். உடைபடாத சதுரங்கள் சில இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பள்ளத்துக்குள் விரலை விட்டால் உளி இறங்கிய சாய்வான வரிகள் நகத்தில் தட்டுப்படும். மெருகேற்றி முடித்த சிற்பங்களில் சிற்பியைக் காண முடியாது, தெய்வம்தான் தெரியும். இங்கேதான் சிற்பி தெரிகிறான்.

ஐந்து ரதங்களிலும் அதே பாடம். தருமராச ரதத்தின் மேல்நிலைகள் முடிந்திருக்கின்றன, தரைத்தளம் முடியவில்லை. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சாரம் கட்டும் செலவு மிச்சம், கீழே வேலை செய்பவன் தலையில் மேலே இருப்பவன் கல் விழாது. திரௌபதி ரதம் குடிசைக்கூரையை அப்படியே கல்லில் ஏற்றியது. உள்ளே நிற்பவள் கொற்றவை, திரௌபதி அல்ல. பாண்டவர் பெயர்கள் ஊர் ஜனங்கள் பின்னால் வைத்தவை.

சுமார் 30 மீட்டர் நீளப் பெரும் பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற பழைய வழக்கை டீச்சர் எங்களிடமே விட்டார். நடுவே பிளவு, அதில் நாகர்கள், மேலே நீர் தேக்கியதற்கான அடையாளம்: கங்கை என்று நினைக்க வைக்கிறது. வரம் தரும் சிவனும் ஒற்றைக் காலில் நிற்பவனும் இரண்டு கதைக்கும் பொருந்துகிறார்கள். வேனில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். ஒரு பாட்டி மட்டும் தவம் செய்கிற பூனையையும் அதைக் கும்பிடும் எலிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். “இதெல்லாம் மாமல்லன் வேலையா?” என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். பெரும்பாலோர் மாமல்லன் தொடங்கி மூன்று நான்கு தலைமுறை வேலை என்பார்கள். கல்வெட்டு அறிஞர் இரா. நாகசாமி 1960களிலேயே, ஒட்டுமொத்தமும் இராசசிம்மன் ஒருவனின் படைப்பு என்று வாதிட்டார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஒரு ஊரைப் பற்றி அறிஞர்களே ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு எப்படிக் கண் விரிகிறது என்பதை அன்று பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: தாம்பரத்திலிருந்து 515 பஸ் நேராக மாமல்லபுரம் போகும். சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ள கைடா என்று பார்த்து, கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முடியாமல் நிற்கும் குகைகளைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். தயங்காமல் தலையாட்டுகிறவரோடு போகலாம். வெயில் ஏறினால் பாறை கால் சுடும், அதனால் குன்றைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. நாங்கள் பல்லாவரத்தில் நேரம் எடுத்துக்கொண்டதால் உச்சி வெயிலில் ஏறும்படி ஆனது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்பினால் விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

அடுத்த முறைக்கு டீச்சர் சொல்லியிருக்கும் வழி செங்கல்பட்டுப் பக்கம். வல்லத்தில் மகேந்திரவர்மனுக்குக் கீழ்ப்பட்ட கந்தசேனன் என்பவன் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போன குடைவரை. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் மலையில் ஒருகல் மண்டபம். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் ஏறிவந்து அந்தச் சுவரில் தங்கள் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். வேனில் ஏழு இடம் இப்போதே நிரம்பிவிட்டது.